உன் சின்னத்தாவுக்குப் பங்கில்லை

பர்வீன்,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இந்தியும் மராத்தியும், ஆபீசில் இங்கிலீஷ், என்னோடு பேசும்போதுகூடப் பாதியில் இந்திக்குத் தாவிவிடுவாய். எனக்கும் இந்தி வரும். அந்தப் பாஷையில் வியாபாரம் பேசுவேன், கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறவனிடம் சண்டை போடுவேன். ஆனால் நெஞ்சில் இருக்கும் கோபத்தைச் சொல்ல எனக்குத் தமிழ் ஒன்றுதான் இருக்கிறது. அதனால் மெதுவாகப் படி. புரியாத இடத்தில் நின்று, திரும்பப் படி. இது அவசரமாகப் படித்து மடித்துவைக்கிற கடிதம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, நீயும் மாப்பிள்ளையும் குடிபோகப் போகிற வாகட் வாடகை வீட்டுக்குக் கொண்டுபோக உன் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். அப்போது, நிக்காஹ் முடிந்ததும் கேம்ப் பஜாரில் உள்ள கடையில் பாதியைச் சின்னத்தா பெயருக்கு எழுதப் போகிறேன் என்றாய். கட்டாத சேலையை யாருக்கோ கொடுக்கப் போவதைப் போல, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். நான் ஒன்றும் பேசாமல் எழுந்து தொழுகைக்குப் போய்விட்டேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். சம்மதம் இல்லை. அன்று வாயைத் திறந்திருந்தால் கல்யாண வீட்டில் பேசக்கூடாததைப் பேசியிருப்பேன். அதை இப்போது வரிசையாக எழுதுகிறேன்.

நானும் உன் சின்னத்தா சிக்கந்தரும் அண்ணன் தம்பி இரண்டே பேர். அவன் எனக்கு இளையவன். எங்கள் அத்தா மௌத்தான பிறகு இளையான்குடியில் இருந்த வீடு பிரிக்காமல் எங்கள் இருவர் பெயரிலும் இருந்தது. அவன் அதில் குடியிருந்தான். நான் பிழைப்புத் தேடி புனேக்கு வந்து, ஏரவாடாவில் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு மிஷின் போட்டுப் பை தைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் மாடியில் ஒற்றை அறை. அந்த மாடிப்படி உனக்கு நினைவிருக்கும். உன் அம்மா ஜைனம்பு தண்ணீர்க் குடத்தோடு பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள். முதலில் களைப்பு என்று நினைத்தோம். நீ ஆறாம் வகுப்புப் போன வருஷம், பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இதயத்தின் வால்வு சுருங்கிவிட்டது, சீக்கிரம் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் தாங்காது என்றார்கள். அந்தச் செலவுக்கு என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஊர் வீட்டில் என் பாதி.

வீட்டைக் கேட்டு ஒரு ஜவுளிக்காரர் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தார். முழு வீடாகத்தான் வாங்குவேன் என்றார். இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். எஸ்டிடி பூத்திலிருந்து சிக்கந்தருக்குப் போன் செய்தேன். முதல் தடவை, மதினிக்காக இதைக்கூடச் செய்யமாட்டேனா என்று அழுதான். அடுத்த தடவை, கொஞ்சம் பொறு என்றான். நானே ஊருக்குப் போய், பத்திரத்துக்கு நாள் குறித்து, அவனை வரச்சொல்லிவிட்டு ஆபீசில் காத்திருந்தேன். பத்திரம் எழுதுகிறவர் திண்டாடிப்போய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜவுளிக்காரர் இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப்போனார். சிக்கந்தர் வரவே இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "மாப்பிள்ள வீட்டுக்காரங்க இந்த வீட்டப் பாத்துத்தான்ணே சரின்னு சொன்னாங்க. வித்துட்டோம்னு தெரிஞ்சா பொண்ண வேணாம்னுருவாங்க. கல்யாணம் முடியட்டும். நான் எங்க போயிரப் போறேன்?"

அவன் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கம்பீரமாக நிற்க ஒரு வீடு வேண்டும். என் மனைவிக்கு மூச்சு வேண்டும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து அவன் வீட்டை வைத்துக்கொண்டான். திரும்பி வந்து ஜைனம்புவிடம் சொன்னேன். அவள் சொன்னது பிறகு அவன் காதுக்கும் போயிற்று, இப்போது உன்னிடம் சொல்லியிருப்பான். நானே சொல்லிவிடுகிறேன். "அவுகளுக்கும் பொம்பளப் புள்ள இருக்குல்ல. நெருக்காதீங்க," என்றாள். உண்மைதான், அவள் மன்னித்தாள். ஆனால் அந்த மன்னிப்பு அவளோடு போய்விட்டது. அது எனக்கு வாரிசாக வரவில்லை.

நானும் கேட்கக்கூடாத இடத்தில் எல்லாம் கடன் கேட்டேன். தையல் மிஷின்களைக்கூட விற்றேன். பணம் சேர்வதற்குள் அவள் போய்விட்டாள். அவளை அடக்கம் செய்த அதே வாரம் சிக்கந்தர் மகள் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. தங்க எழுத்து. கதவிடுக்கில் கிடந்ததை நீதான் எடுத்து வந்து, "அத்தா, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாய். கல்யாணம் முடிந்தது, அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான், வீடு போயிற்று, என் பாதி கைக்கு வந்தது. அதில்தான் கேம்ப் கடையை வாங்கினேன். பர்வீன், நீ பாதியை எழுதிக்கொடுக்கப் போகிற கடை அதுதான். உன் அம்மாவைக் காப்பாற்ற வேண்டிய பணம், தேவைப்படாதபோது வந்து, கடையாக நிற்கிறது. பெட்டி, சூட்கேஸ், பை வாங்க வருகிறவர்களுக்கு அது கடை. எனக்கு அப்படி இல்லை.

வியாபாரம் வளர்ந்தது. ஊர் ஊராக இருந்து பிள்ளைகள் இங்கே படிக்கவும் கம்ப்யூட்டர் வேலைக்கும் வர, எல்லோருக்கும் பெட்டி வேண்டியிருந்தது. கோண்ட்வாவில் பிளாட் வாங்கினோம். நீ கல்லூரியில் இருந்தபோது ஒரு நாள் கடையிலேயே எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு மரணத்தைப் பற்றிக்கூட நான் அதிகம் யோசிக்கவில்லை. நான் போனால் சிக்கந்தர் ரயிலேறி வருவான், அழுவான், மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்து கடைச் சாவி எங்கே என்று கேட்பான் என்பதைத்தான் யோசித்தேன். அவனுக்கு ஒரு செங்கல்கூடப் போகக்கூடாது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

வெளியே வந்ததும் சிவாஜிநகர் கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலிடம் போனேன். நல்ல மனிதர், மராத்திக்காரர். டீ வரவழைத்து, உயிலில் எத்தனை விதம் என்று ஆசையாகச் சொன்னார். தன் கையாலேயே எழுதிவைப்பது, டைப் அடித்து இரண்டு சாட்சி வைப்பது, ரிஜிஸ்டர் செய்வது, புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து எழுதுவது, இன்னது செய்தால்தான் இன்னாருக்கு என்று நிபந்தனை போடுவது. போர்முனையில் இருக்கும் சிப்பாய் வாயால் சொன்னால்கூட அது உயில்தானாம். நான் நிபந்தனை உயிலைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். என் மனசுக்குப் பிடித்தது அதுதான். கடைசியில், இருப்பதெல்லாம் உனக்கே என்று எழுதி, சாட்சி வைத்து, ரிஜிஸ்டர் செய்தோம். "சாச்சா, பேஃபிகர் ரஹோ," என்று தோளைத் தட்டினார். கவலையை விட்டுவிட்டு இருக்கச் சொன்னார். இருந்தேன். அதோடு நிற்காமல், ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் உயில் எழுதியதை வேண்டுமென்றே சொல்லி அனுப்பினேன். சிக்கந்தர் காதுக்குப் போக வேண்டும், அவன் ஒரு ராத்திரியாவது புரண்டு படுக்க வேண்டும் என்று.

போயிற்று. ஊரில் ஒரு விருந்தில் நாலு பேர் முன்னால் அவன் சிரித்தானாம். "அண்ணன் தாராளமா எழுதட்டும். நான் சரின்னு கையெழுத்துப் போட்டாத்தானே அது செல்லும்," என்றானாம்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓடினேன். அவர் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், இது உனக்கும் ஒரு நாள் வேண்டியிருக்கும். நம் சட்டத்தில் உயிலுக்குப் பெயர் வசிய்யத். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. அந்த ஒரு பங்கும் வாரிசு அல்லாதவர்களுக்குத்தான். வாரிசுகளில் ஒருவருக்கு எழுதினால், நாம் போன பிறகு மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும். எனக்கு ஆண்பிள்ளை இல்லை, மனைவி இல்லை. ஒரே மகளுக்குப் பாதி, மீதிப் பாதி தம்பிக்கு. ரிஜிஸ்டர் ஆபீசில் எத்தனை முத்திரை குத்தினாலும் அது மாறாது. மராத்தி வக்கீல் தனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னார், என் பெயரைப் பார்த்தும் எனக்கு எந்தச் சட்டம் என்று அவர் யோசிக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. வக்கீல் ஆபீசுக்குப் போனால் முதலில் நீ எந்தச் சட்டத்துக்குள் நிற்கிறாய் என்று கேட்டுக்கொள்.

சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதையும் தெரிந்துகொள். தம்பிக்கு ஏன் அந்தப் பாதி என்றால், அண்ணன் மகள் நிர்க்கதியாக நின்றால் அவளைத் தாங்குகிற கடமையும் அவன் தலையில்தான் என்று ஹஜ்ரத் சொன்னார். பங்கும் கடமையும் ஒன்றாகத்தான் வருகின்றன. உன் அம்மா போன பிறகு நீ பசித்தாயா, படித்தாயா என்று ஒரு தடவை கேட்டவனா அவன்? கடமைக்கு ஆளைக் காணோம், பங்குக்கு மட்டும் ஊரறியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். உன் அம்மாவுக்கு ஒரு தடவை கையெழுத்தை வைத்துக் கழுத்தைப் பிடித்தவன், உனக்கும் அதே கையெழுத்தோடு காத்திருந்தான். நான் எப்படித் தூங்குவேன்?

ஹஜ்ரத்தே வழியையும் சொன்னார். உயிரோடு இருக்கும்போதே கொடுப்பது, ஹிபா. அதற்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு இல்லை, யார் சம்மதமும் வேண்டாம். கொடுக்கிறேன் என்று நான் சொல்ல வேண்டும், நீ ஏற்றுக்கொள்ள வேண்டும், பொருள் உன் கைக்கு மெய்யாகவே வந்துசேர வேண்டும். கொடுத்த பிறகு மகளிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. ஒரு எச்சரிக்கையும் சொன்னார். சாவுப் படுக்கையில் கொடுத்தால் அது வசிய்யத் கணக்கில் போய்விடும், தம்பி வந்து நிற்பான், தெம்பாக இருக்கும்போது கொடுத்துவிடுங்கள் என்றார். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "செல்லும். ஆனா எதுக்காகக் குடுக்குறீங்கங்கறது உங்களுக்கும் படைச்ச ரப்புக்கும் உள்ள விசயம்," என்றார்.

அந்த வருஷம் நான் சிகரெட்டை விட்டேன். விடிகாலையில் நடக்க ஆரம்பித்தேன், உப்பைக் குறைத்தேன். மகளுக்காக அத்தா திருந்திவிட்டார் என்று சொல்லி உன் சிநேகிதிகளிடம் பெருமைப்பட்டாய். உனக்காகவும்தான். ஆனால் டாக்டர் நான் திடமாக இருக்கிறேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும், நாளைக்கு எந்தக் கோர்ட்டிலும் சிக்கந்தர் என் நெஞ்சுவலியைக் காட்டி வாதாடக்கூடாது. பழிவாங்குவதற்காகவே உடம்பைத் தேற்றிக்கொண்ட மனிதன் உன் அத்தா.

நீ மகர்பட்டாவில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஹிபாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தேன். சிக்கந்தரை நானே போனில் கூப்பிட்டேன். வயசாகிவிட்டது, பழையதை எத்தனை நாள் சுமப்பது, வந்துவிட்டுப் போ என்றேன். இரண்டு கையிலும் பலகாரப் பையோடு வந்தான். நீ ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தாய், பிரியாணி போட்டாய். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சஹன் தாம்பாளத்தில் சாப்பிட்டான். எனக்கும் சோறு இறங்கியது, அதை மறைக்கவில்லை.

அசர் தொழுகை முடிந்து ஹஜ்ரத்தும், ஜமாத்தில் இரண்டு பெரியவர்களும், ஹிபா எழுதிய கோண்ட்வா வக்கீலும் வந்தார்கள். வக்கீல் ஹிபாப் பத்திரத்தை உருதுவில் படித்தார். கடையும் பிளாட்டும் என் மகளுக்கு இன்றே கொடுத்துவிட்டேன் என்பதை நான் தமிழில் திரும்பச் சொன்னேன், ஒருவனுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. நீ ஏற்றுக்கொண்டதாகச் சொன்னாய். நடப்பது என்னவென்று உனக்கும் அப்போது முழுசாகத் தெரியாது. கடைச் சாவியை உன் கையில் வைத்தேன். வேலையாட்களைக் கூப்பிட்டு இனி முதலாளி யார் என்று காட்டினேன். வீட்டை ஒப்படைத்ததற்கு அடையாளமாக நான் ஒரு பெட்டியோடு படியிறங்கிப் போய்க் கீழே வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ வந்து, "அத்தா, உள்ள வாங்க," என்றாய். உன் வீட்டுக்கு விருந்தாளியாக ஏறி வந்தேன். அந்த ஒரு நிமிஷம் மட்டும் என் மனசில் சிக்கந்தர் இல்லை.

பிறகு சாட்சிக் கையெழுத்து. ஜமாத் பெரியவர் ஒருவர் போட்டார். அடுத்தவர் பேனாவை நீட்டினார், நான் வாங்கிச் சிக்கந்தர் முன்னால் வைத்தேன்.

"நீ ஒரு சாட்சி. போடு," என்றேன்.

"இதுக்குத்தான் கூப்புட்டியாண்ணே?"

"ஜைனம்புக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருக்கணும் நீ. அதை இப்பப் போடு."

அவன் எல்லோர் முகத்தையும் பார்த்தான். மாட்டேன் என்றால், அண்ணன் எப்போது சாவான் என்று காத்திருந்ததாக அவனே ஒப்புக்கொண்டது போல. போட்டால், காத்திருந்தது அத்தனையும் போயிற்று. ஹஜ்ரத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்கந்தர் போட்டான். முழுப் பெயரையும் எழுதினான். பேனாவை மூடிவைத்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "மதினி மௌத்துக்கு நாந்தான் காரணம்னு இத்தன வருசமா மனசுல வச்சிருந்தியா?"

"வச்சிருக்கேன்," என்றேன்.

அன்று ராத்திரி தங்குவதாக வந்தவன் அப்போதே கிளம்பினான். நீதான் ஆட்டோவில் கொண்டுபோய் ரயிலேற்றினாய். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாய்: "நீங்க எனக்குக் குடுக்கல அத்தா. அவருக்குக் குடுக்காம இருக்கத்தான் எங்கிட்ட வச்சிருக்கீங்க."

அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். நீ சொன்னது சரி. ஆனால் பாதிதான் சரி. உனக்குக் கொடுத்ததும் அவனிடமிருந்து எடுத்ததும் ஒரே கைதான், எது எங்கே முடிந்தது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. நீ பிறந்திருக்காவிட்டால் இத்தனை சம்பாதித்திருக்கமாட்டேன். அவன் இல்லாதிருந்தால் இத்தனை சீக்கிரம் கொடுத்திருக்கமாட்டேன்.

இப்போது உனக்கும் கல்யாணம். நீயும் மாப்பிள்ளையும் நாளைக்கு வாகட்டில் சொந்தமாக வாங்குவீர்கள். பத்திரத்தில் உன் பெயரும் இருக்கட்டும். மாப்பிள்ளை தரும் மஹர் உன்னுடையது, அதை வீட்டுச் செலவில் கரைத்துவிடாதே. யாருக்கு எதைக் கொடுப்பதானாலும் உடம்பு நன்றாக இருக்கும்போதே கொடு, அதற்கு முன்னால் சட்டத்தைக் கேட்டுக்கொள். பிரிக்காத வீடு எதிலும் உன் உயிரை மாட்டிவைக்காதே. இதையெல்லாம் உன் அம்மா சொல்லியிருந்தால் பதமாகச் சொல்லியிருப்பாள். எனக்கு இப்படித்தான் வருகிறது.

சின்னத்தாவுக்கு இப்போது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சர்க்கரையில் ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள். வாடகை வீட்டில் மகளோடு இருக்கிறான். எந்த மகள் கல்யாணத்துக்காக உன் அம்மாவைக் காக்கவைத்தானோ அந்த மகள்தான், புருஷன் விட்டுப்போய்த் திரும்பி வந்திருக்கிறாள். மாசாமாசம் மாத்திரைக்கு நீ அனுப்புவதும் எனக்குத் தெரியும். நான் தடுக்கவில்லை. இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் என்று நினைக்காதே. வருத்தம் என்றும் நினைக்காதே. அவன் மகள் பெயரை மட்டும் தொழுகையில் சொல்கிறேன், அந்தப் பெண் என்ன செய்தாள் பாவம்.

ஹிபா எழுதும்போது, என் தம்பிக்கோ அவன் வாரிசுகளுக்கோ இந்தச் சொத்து எந்தக் காலத்திலும் போகக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கோண்ட்வா வக்கீல் பேனாவை வைத்துவிட்டார். கொடுப்பதில் நிபந்தனை போட்டால் கொடுத்தது செல்லும், நிபந்தனை மட்டும் செல்லாது என்றார். ஆகவே உன்னைத் தடுக்க என்னிடம் சட்டம் இல்லை. கடை உன்னுடையது. நான் அதில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிற கிழவன், அவ்வளவுதான். நீ எழுதிக்கொடுத்தால் கொடுத்ததுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பங்கு என்று அவனிடம் சொல்லாதே. அவனுக்குப் பங்கில்லை, அவனே சாட்சி. அண்ணன் சொத்து என்றும் சொல்லாதே. ஜைனம்புவின் மகள் தன் கைப்பொருளிலிருந்து தர்மமாகக் கொடுக்கிறாள் என்று அவன் காதில் விழும்படி, ஜமாத்தை வைத்துச் சொல். நான் மௌத்தாகும்வரை பொறுத்திருந்து ரகசியமாகக் கொடுக்கலாம் என்று நினைக்காதே, பர்வீன். நான் இருக்கும்போதே கொடு. அவன் கை நீட்டி வாங்குவதை நான் பார்க்க வேண்டும்.

அத்தா